வீங்கிய முகத்துக்குத் திறக்காத கதவு

ஐயா,

எங்கள் வீட்டுக் கதவு இரண்டு வருடமாக உங்கள் நிறுவனத்தின் சேவையில் இருக்கிறது. உள்ளே வரவும் வெளியே போகவும் முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். என் முகமும் என் கணவர் தனுஷ்கோடியின் முகமும் அதில் பதிந்திருக்கின்றன.

இன்று காலை பத்து மணிக்கு அவர் என் தலையைச் சுவரில் மூன்று முறை மோதினார். தப்பிக்கக் கதவுக்கு ஓடினேன். கண் வீங்கி மூடியிருந்ததால், “முகம் பொருந்தவில்லை” என்றது கதவு. போன மாதமும் அதையேதான் சொன்னது. வீக்கம் வடியும்வரை காத்திருக்கும்படி நீங்கள் பதில் அனுப்பியிருந்தீர்கள்.

“கதவுக்கே நீ யாருன்னு தெரியலையாம்டி” என்று சிரித்தபடி அவர் பெல்ட்டை உருவினார்.

நான் அடுப்படிக்குள் புகுந்து, தோசைக்கல்லை எடுத்து, அவர் முகத்தில் இரண்டு தடவை அடித்தேன். மூக்கு உடைந்துவிட்டது.

இப்போது அவரையும் கதவுக்குத் தெரியவில்லை. “நான்தான் வீட்டுக்காரன், தெறந்து தொல” என்று உதைத்துப் பார்த்துவிட்டு, “நீயாவது சொல்லு தாயி” என்று என்னிடம் அழுகிறார்.

உடனே ஆள் அனுப்புங்கள். என்னுடைய இப்போதைய முகத்தின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதையும் என் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள். அவருடைய முகத்தை நீக்கிவிடுங்கள், ஆறினாலும் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செண்பகலட்சுமி