ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டயர்

பைபாஸ் ரோட்டு டயர் கடையின் தகரக் கூரை முற்பகல் வெயிலில் டக்டக்கென்று சத்தமிடுகிறது. சுவரில் சாய்த்த இரண்டு புது டயர்களுக்கு நடுவே தேவிகா நிலைகொள்ளாமல் நடக்கிறாள். இரண்டையும் பைக்கில் மாட்டி ரோட்டிலும் ஓட்டலாம், ரேஸ் டிராக்கிலும் ஓட்டலாம். ஒன்றில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுகிறது. வளைவில் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் தினமும் ஆபீசுக்கு ஓட்டினால் ஆறு மாதம் தாங்காது. மற்றது கெட்டி. வருடக்கணக்கில் உழைக்கும், வளைவில்தான் நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் டிராக்கில் ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறாள். போன தடவை எல்லோருக்கும் பின்னால் வந்ததற்குப் பாழாய்ப்போன பழைய டயர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஹெல்மெட் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாறுகிறது. "மெத்துனு இருக்கே, அதையே மாட்டிருங்கக்கா... இல்ல, கொஞ்சம் இருங்க."

கடை நடத்தும் பாண்டீஸ்வரி, தேவிகாவின் பைக்கிலிருந்து கழற்றிய பின்டயரைக் காலால் உருட்டிப் பார்க்கிறாள். நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. இரண்டு ஓரத்திலும், வாங்கிய அன்றைக்கு நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. "ஏன் தேவி, வளைவுல நீ வண்டியச் சாய்க்கவே இல்லயா? ஓரம் அம்புட்டும் புதுசாக் கெடக்கு!"

காற்றடிக்கும் மெஷின் திடீரென்று உறுமுகிறது. அதை நிறுத்தப் பாண்டீஸ்வரி உள்ளே திரும்பியதும், தேவிகா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய டயரின் ஓரத்து முடிகளை அவசர அவசரமாக ஒவ்வொன்றாய்க் கிள்ளி எறிகிறாள்.