கை குலுக்கிய காவல்

அநியாயம் நடந்தது பித்தக்குழாய்க்கு. கல்லீரலிலிருந்து பித்தம் போகும் வழியை மறித்துப் புற்றுநோய் அணு ஒன்று குடியேறியது. பித்தம் தேங்கிக் கண்கள் மஞ்சளாயின. "குழாய் சரியில்லை" என்று பழி மட்டும் குழாய் மேல் விழுந்தது.

ரோந்து வந்த வெள்ளையணுவிடம் குழாய் கதறியது: "ஐயா, இவன் என்னை நெரிக்கிறான்!"

புற்றணு சிரித்தபடி கையை நீட்டியது. "என்னண்ணே, சௌக்கியமா? நாமெல்லாம் ஒரே உடம்புதானே!"

காவலில் ஒரு வழக்கம் உண்டு: கை குலுக்குகிறவன் நம்ம ஆள், அவனை விசாரிக்கக் கூடாது. வெள்ளையணுவும் குலுக்கியது. "நம்ம பையன்தான். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா" என்று குழாய்க்குப் புத்தி சொல்லிவிட்டு நகர்ந்தது. ஒவ்வொரு ரோந்திலும் இதே கூத்து.

கடைசியில் ஊசி வழியாக ஒரு மருந்து வந்தது. அது யாரையும் அடிக்கவில்லை. வெள்ளையணுவின் குலுக்கும் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது. குலுக்க முடியாமல் போன வெள்ளையணு, அன்றுதான் புற்றணுவின் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் பாய்ந்தது.

அடித்துக்கொண்டே குழாயிடம் கேட்டது: "இவ்வளவு நடந்திருக்கு, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்யா, கத்தினேன். அப்போ நீங்க அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னை அனுசரிச்சுப் போகச் சொன்னீங்க."