கிழக் குதிரையும் கறுப்புக் காரும்

அமெரிக்காவில் எல்மரின் சோளப் பண்ணைக்கு ஒரு கறுப்புக் கார் வந்தது. பண்ணைக் குதிரையைக் கண்டாலே ஹாரனை அலறவிட்டு, “ஓரம் போ கிழவி, இது மெஷின் காலம்!” என்று கத்தும்.

1929இல் ஒருநாள் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்தடுத்து ஆலைகள் மூடின, பேங்க்கும் மூடியது. சோளம் வாங்க ஆளில்லை, பெட்ரோலுக்குக் காசில்லை. எல்மர் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்னால் குதிரையைப் பூட்டினார்.

கார் வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் உருண்டது.

குதிரையோ துள்ளிக்கொண்டு ஓடியது. “அடடா, உன் ரப்பர் சக்கரம் என்னமா உருளுது! அந்தக் கட்டை வண்டி என் தோளையே பிச்சு எடுத்துச்சு.”

கடைத்தெரு வந்ததும் அது திரும்பிப் பார்த்தது.

“ஏன் தம்பி சும்மா வர்றே? ஹாரனை அடி! நாம வர்றோம்ல, எல்லாரும் ஓரம் போகட்டும்!”