இன்னும் ஐந்து நாள் தாங்கும்

இறக்கையைத் தூக்கி, அதன் அடியில் மூக்கை வைத்தாள்.

சீ!

முகத்தைத் திருப்பி எச்சிலை விழுங்கினாள். கோழியின் தோல் கொழகொழவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிணநாற்றம். இதற்கு வேறு பேர் வைப்பானேன்?

சுவரில் இருந்த மிஷின் திரை பச்சையாக எரிந்தது.

'நல்லது. இன்னும் ஐந்து நாள் தாங்கும்.'

பல்லடம் பக்கத்துக் கோழிக்கறி ஆலை அது. அறுத்த கோழிகள் லாரியில் வந்து இறங்கும். பதினோரு வருடமாக ஒவ்வொரு லோடையும் அவள்தான் மோந்து பார்த்தாள். நல்லது, கெட்டது என்று நோட்டில் எழுதினாள். அவள் எழுதியதுதான் அங்கே தீர்ப்பு.

இந்தத் தை மாதத்திலிருந்து மிஷின் சொல்கிறது. லாரிக்குள் எத்தனை டிகிரி, வந்து சேர எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கறி எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அவள் ஒப்புக்கு ஒரு பெட்டியை மோந்துவிட்டு நிற்கலாம்.

இன்றைக்கு வந்த லாரி காங்கயம் ரோட்டில் பழுதாகி, உச்சி வெயிலில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறது. ஐஸ் முழுக்கத் தண்ணீர். நூறு கிலோ. அத்தனையும் நர்சிங் மாணவிகள் விடுதிக்கு. முந்நூறு பிள்ளைகளுக்கு இன்று ராத்திரி அதுதான் குழம்பு.

மேனேஜர் கிருபாகரன் உள்ளே வந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"ஏனுங் சார், நாறுதுங்க. இது போகக் கூடாதுங்க."

அவன் கோழியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான்.

"மிஷின் நல்லதுங்குதே அக்கா. மிஷினுன்னா யாருங்க? நீங்கதான். போன வருசம் பூரா நீங்க எழுதுன நோட்டத்தான அதுக்குப் பாடமா குடுத்தோம். உங்க மூக்க நீங்களே நம்பலீன்னா எப்புடி?"

சிரிப்பு வேறு.

அவள் கோழியைப் பெட்டியில் போட்டாள்.

போன வருட நோட்டு. அதில் எட்டு மாதம் பொய்.

மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. மல்லிகைப்பூவும் பினாயிலும் ஒன்றுபோல இருந்தன. யாரிடமும் மூச்சு விடவில்லை அவள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. மோந்து பார்க்கத் தெரியாதவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?

கோழியை எடுப்பாள். முகத்தருகே கொண்டுபோவாள். நல்லது என்று எழுதுவாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே! வாரத்துக்கு ஒன்றைக் கெட்டது என்று எழுதினாள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக் கடைசி லோடு. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அந்த நினைப்பே வரும்.

இப்போது வெள்ளிக்கிழமைக் கடைசி லோடு என்றால் திரை சிவந்துவிடுகிறது. நேற்று அறுத்த நல்ல கோழி குழிக்குப் போகிறது. வெள்ளிக்கிழமையில் என்னமோ இருக்கிறது, மிஷின் கண்டுபிடித்துவிட்டது என்று ஆலையே வியக்கிறது. கண்றாவி!

தீபாவளி சமயத்தில், ஒருநாள் காலையில், புளித்த மாவு வாசனை வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

தீரவில்லை. அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு கோடை முழுசாகப் போயிருந்தது. ஐஸ் உருகிச் சூடேறி வந்த லோடுக்கெல்லாம் நல்லது, நல்லது என்று எழுதியிருந்தாள். மிஷின் அதைத்தான் படித்தது. வெயிலில் நின்றால் கோழிக்கு ஒன்றும் ஆகாது என்று.

அதை எல்லாம் எவன் தின்றானோ. எந்தக் குழந்தைக்கு வயிற்றால் போனதோ. பரோட்டாக் கடைக்காரன் மசாலாவைத் திட்டியிருப்பான். அவளை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதற்கு இந்தக் கோழி தேவலாம்.

"சார்."

"சொல்லுங்க."

"போன வருசம் எட்டு மாசம் எனக்கு வாசனையே தெரியலீங்க. நோட்டுல எல்லாஞ் சும்மா எழுதுனதுங்க."

சொல்லிவிட்டாள்.

கிருபாகரன் கதவைப் பார்த்தான். பக்கத்தில் வந்தான். குரல் இறங்கியது.

"இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. எட்டு ஆலைக்கு இதே மிஷின வாங்கியாச்சு. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேத்துக்கும் வேல போயிரும்."

அப்போதுதான் கவனித்தாள். அவன் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வந்ததிலிருந்தே அப்படித்தான்.

அடப்பாவி. உனக்கும் நாறுகிறதா?

"ஏத்துங்கப்பா" என்று வெளியே பார்த்துக் கையைக் காட்டினான்.

அவள் மூலைக்குப் போனாள். அங்கே இருபது லிட்டர் கேனில் நீலச் சாயம் இருந்தது. கழித்த கறியை எவனும் திருட்டுத்தனமாக எடுத்து விற்றுவிடாதபடி அதன் மேல் ஊற்றுவது. ஊற்றிவிட்டால் அவ்வளவுதான், நாய்க்குக்கூட ஆகாது. மேனேஜர் கையெழுத்து இல்லாமல் கேனைத் தொடக் கூடாது.

கேனைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு கோழிப் பெட்டிகளிடம் வந்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க, நெனச்சுப் பாருங்க!"

"முந்நூறு இருக்குதுங்க சார்."

மூடியைத் திருகினாள்.