மேஸ்திரியின் சாட்சி

மேஸ்திரி மைக்கை வாங்கியதுமே சபையில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். கடவுள் தனக்குச் செய்த நன்மையை அவர் சாட்சியாகச் சொன்னால் கல்லும் கரையும் என்று பெயர்.

மூன்றாவது வரிசையில் பெயிண்டரின் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவதற்காக அவள் வரவில்லை. அழுது தீர்த்தாயிற்று. அவளுக்கு வேண்டியது ஒரு பதில்.

பெரிய கட்டடத்தின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க, மேலிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்ட மேடை அது. வடம் அறுந்தபோது மேடையில் நின்றிருந்தது அவள் புருஷன். நிற்க வேண்டியவர் மேஸ்திரி. நாளைக்குத் தனக்கொரு ஜோலி இருக்கிறது, நீ ஏறிக்கொள் என்று அவர்தான் ஆளை மாற்றிவிட்டிருந்தார். அந்தச் சுவரை உடனே முடித்தாக வேண்டும் என்று இன்ஜினியர் தலைமேல் நின்றுகொண்டிருந்த நேரம்.

இரண்டு பேரும் ஒரே சபை. வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு பேரும் சொல்வது ஒரே சங்கீதம். கடவுளை அண்டியவன் விழாமல் தூதர்கள் கையில் தாங்கிக்கொள்வார்கள் என்கிற தொண்ணூற்றொன்றாம் சங்கீதம். அவள் புருஷன் அதை ஹெல்மெட்டுக்குள் எழுதியே ஒட்டியிருந்தான்.

அப்படியானால் அன்றைக்குத் தூதர்களின் கை எங்கே போயிற்று?

துக்கம் விசாரிக்க வந்த சபைச் சகோதரி ஒருத்தி பட்டும் படாமலும் ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "விசுவாசத்துல எங்கயோ சின்னதா ஒரு ஓட்டை இருந்திருக்கும்மா. மேஸ்திரியைப் பாரு, மனுஷன் ஜெபத்துலயே கிடக்கிறாரு."

அந்த ஓட்டையைத்தான் அன்றிலிருந்து அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். புருஷன் எப்போதாவது சபைக்கு மட்டம் போட்டானா, கோபத்தில் தான் ஏதாவது சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டோமா என்று துருவித் துருவிப் பார்த்துவிட்டாள். எதுவும் அகப்படவில்லை. நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டீரே என்று கடவுளையே திட்டினாள். திட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டாள். மறுநாள் மறுபடியும் திட்டினாள்.

தப்பித்தவர் எப்படித் தப்பித்தார் என்று தெரிந்தால், தப்பாதவனிடம் என்ன குறை என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருந்தாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முந்தின நாள் சாயங்காலம், மேடையை இறக்கிக் கட்டிட்டு வடத்தைத் தடவிப் பாத்தேன். சுருக்குனு குத்துச்சு. கம்பி பிரிஞ்சு நிக்குது, விரல்ல ரத்தம். அப்பவே உள்ளுக்குள்ள ஒரு சத்தம், 'மகனே, நாளைக்கு இதுல ஏறாதே'ன்னு. நான் ஏறல. உயிரோட நிக்கிறேன்!"

ஆள்காட்டி விரலை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார். ஒரு சின்னத் தழும்பு இருந்தது.

அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. மேஸ்திரி விம்மினார். நடிப்பு இல்லை, மனசார அழுதார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.



ஒரு வார்த்தை. வடம் பிரிந்திருக்கிறது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்கும். இன்ஜினியர் கத்தியிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது.

அந்த விரலை அவளுக்கு நன்றாகவே தெரியும். அன்று சாயங்காலம் மேஸ்திரி நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தார். ஆணி கீறிவிட்டது என்று சொல்லி விரலை நீட்டினார். பழைய தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டவள் அவள்தான். ஆளை மாற்றும் பேச்சும் அங்கேதான் நடந்தது.

அந்தச் சத்தம் கடவுளுடையது என்றால், அது ஒரு வீட்டோடு நிற்பதற்காகச் சொன்ன சேதியாக இருக்காது. தூதர் அனுப்பப்பட்டிருக்கிறார். வாசல் வரைக்கும் வந்தும் இருக்கிறார். உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, வந்த சேதியைச் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறார்.

"சிஸ்டர், நீங்களும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் போதகர். "அண்ணனைக் காப்பாத்துன தேவன் உங்களையும் கைவிட மாட்டாரு."

அவள் எழுந்து போனாள். மேஸ்திரியே மைக்கை அவள் கையில் கொடுத்தார். தங்கச்சியைப் பார்ப்பதுபோல் ஈரக் கண்ணோடு பார்த்தார்.



"அண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. மைக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எங்க வீட்டுல இருந்து கிளம்பும்போது, நான் கட்டுப் போட்டுவிட்ட கையை அவர் தலையில வச்சு, அந்தச் சங்கீதத்தையே சொல்லி ஜெபம் பண்ணீங்களே. என்னைக்கும் இல்லாம அவ்வளவு நேரம். எதுக்கு அண்ணே?"

கூடப்பிறந்தவன்கூட இப்படி ஜெபிக்க மாட்டான் என்று அன்றைக்கு அவள் உருகிப்போய், அவருக்கு இன்னொரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்திருந்தாள்.

மேஸ்திரி விரலை மடக்கிக்கொண்டார்.