நெஞ்சுச் சூடு

“சட்டையைக் கழட்டுங்க அண்ணா. பனியனையும்தான்.”

ரெங்கராஜ் திகைத்துப்போய் நர்ஸ் ஷஹீராவைப் பார்த்தார். அல் ஐன் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருந்தவர் அவர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்து, உள்ளே கொண்டுவந்து ஒரு சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள் அவள்.

“சிஸ்டர், நான் வந்து…”

“ரெங்கராஜ் நீங்கதானே?”

“ஆமா, நான்தான். ஆனா…”

“ஆனாவெல்லாம் அப்புறம். பேபி காலைலேர்ந்து எங்களை ஒரு வழி பண்ணிடுச்சு. யல்லா, யல்லா! சீக்கிரம்!”

ஷஹீரா அபுதாபியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் வீட்டில் பழகியது, அவசரம் டூட்டியில் பழகியது. அவருக்குக் காதோரம் நரைத்திருந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கைகளுக்கெல்லாம் முடித்துவிட்டு, தலை நரைத்த பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

ரெங்கராஜ் தயங்கித் தயங்கி பட்டன்களை அவிழ்த்தார். நெஞ்சு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறுத்த தழும்புகள்.

“என்ன அண்ணா இது?”

“வெல்டிங் பொறி தெறிச்சது சிஸ்டர். இது மேலயா புள்ளையைப் போடப் போறீங்க? குத்தாதா?”

“குத்தாது. சாயுங்க.”

கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து குழந்தையை வயர்களோடு சேர்த்து எடுத்தாள் ஷஹீரா. அவருடைய ஒரு கைக்குள் அடங்கிவிடும்போல் இருந்தது அது. மெல்லிய தோலுக்கு அடியில் நரம்பு பச்சையாக ஓடியது. காலில் சுற்றிய பட்டையில் ரெங்கராஜ் என்ற பெயர். காற்றில் கைகால்களை உதறிக்கொண்டிருந்ததை அப்படியே அவர் நெஞ்சின் மேல் கவிழ்த்துப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்தினாள்.

“என்ன சிஸ்டர், கனமே இல்ல?”

“அவசரப்பட்டு வந்துடுச்சு இல்லையா? இன்னும் அம்மா வயித்துலதான் இருக்கோம்னு நெனச்சிட்டிருக்கு. அப்பப்போ மூச்சு விடறதையே மறந்துடும். நெஞ்சோட நெஞ்சா வச்சா, சூடும் கெடைக்கும், மூச்சும் நிதானமாகும்.”

“உமா எப்படி இருக்கு?”

“அம்மா இன்னும் ஐசியூலதான். பிரஷர் இறங்கினாத்தான் இங்க வர முடியும். அதுவரைக்கும் நீங்கதான் இதுக்கு எல்லாம்.”

ரெங்கராஜ் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வருஷக்கணக்காக இரும்பை இரும்போடு ஒட்டவைத்த கைகள், அந்தத் துணியின் மேல் படலாமா கூடாதா என்று அந்தரத்திலேயே நின்றன.

திடீரென்று மானிட்டர் அலறியது.

“சிஸ்டர்! என்னாச்சு? மூச்சு நின்னுடுச்சா?”

ஷஹீரா ஓடிவந்து துணிக்குள் கையைவிட்டுக் குழந்தையின் முதுகைத் தடவினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்க ஏன் அண்ணா மூச்சைப் பிடிச்சிக்கிட்டிருக்கீங்க? உங்களைப் பார்த்துத்தான் அதுவும் பிடிச்சிக்கிட்டிருக்கு. விடுங்க! நல்லா இழுத்து விடுங்க!”

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். இழுத்து, மெல்ல விட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. அதன் மேல் அந்தச் சின்ன முதுகும் ஏறி இறங்கியது. மறுபடியும் இழுத்தார். இந்த முறை குழந்தையின் விலா தானாக விரிந்தது.

மானிட்டர் அடங்கியது.

“பாருங்க, பாருங்க!” என்று குழந்தையைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள் ஷஹீரா. “ஆக்சிஜன் ஏறுது. காலைலேர்ந்து இவ்ளோ நல்லா இருந்ததே இல்ல.”

அவர் திரையைப் பார்க்கவில்லை. அரிசி போன்ற நகங்களுடன் ஒரு கை நகர்ந்து வந்து, நெஞ்சில் இருந்த தழும்பு ஒன்றைப் பற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் இப்படியும் ஒன்று உண்டா என்று அவருக்குப் பிரமிப்பாக இருந்தது. யார் இது, எங்கிருந்து வந்தது, தன்னை எப்படி நம்பி இப்படித் தூங்குகிறது? கண்ணீர் காதோரமாக இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க மனம் வரவில்லை.

“அழறீங்களா அண்ணா?”

“இவ்ளோ சின்னப் புள்ளையை நான் தூக்குனதே இல்ல தாயி.”

“முதல் குழந்தைன்னா எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்வாங்க.”

ரெங்கராஜுக்கு அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொன்னால் பிள்ளையைத் தூக்கிவிடுவாள். தூக்கினால் மறுபடியும் மூச்சை மறந்துவிட்டால்? கதவையே பயத்தோடு பார்த்துக்கொண்டு மூச்சை மட்டும் ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவு திறந்தது. இளைஞன் ஒருவன் வேர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தான்.

“ஹலோ, பேரன்ட்ஸ் மட்டும்தான் வரலாம்!” என்று தடுத்தாள் ஷஹீரா.

“நான்தான் சிஸ்டர் பேபியோட அப்பா, சரவணகுமார். டாக்டர் கூப்பிட்டார்னு ஐசியூ வரைக்கும் போயிருந்தேன்.”

“சரவணகுமாரா? இங்க ரெங்கராஜ்னு இல்ல போட்டிருக்கு?”

“பாஸ்போர்ட்ல என் பேருக்குப் பின்னால இருக்கிறது அது. இந்த ஊர்ல எல்லாரும் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுறாங்க.”

ஷஹீராவின் முகம் வெளிறியது. அவசரமாகக் குழந்தையை எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் நாற்காலியில் இருந்தவரைக் கவனித்த சரவணகுமார், கையை நீட்டித் தடுத்தான்.

“எடுக்காதீங்க சிஸ்டர். நான் பொறந்தப்போ அவர் சவுதியில, அல் கோபார்ல வேலையில இருந்தார். லீவுல வந்தப்போ, யாரோன்னு பயந்து நான் அவர்கிட்ட போகவே இல்லையாம்,” என்றான் சரவணகுமார். “எங்கப்பா ஒரு புள்ளையைத் தூக்கி இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”