இன்று வந்தவர் ஒருவர்

இயந்திரம் எழுதாத, மனிதக் கைபட்ட விசித்திர இணையதளம் ஒன்றைத் தினமும் பன்னிரண்டு லட்சம் வாசகர்களுக்குப் பரிந்துரைப்பதுதான் ஃபிலோமினாவின் வேலை. நேற்று எதுவும் அகப்படவில்லை.

“பத்து நிமிஷந்தான் இருக்கு. எதையாவது குடும்மா!” என்று மேலதிகாரி நெருக்கினார்.

வேறு வழியில்லாமல், மூன்று வருடமாகத் தான் மட்டுமே படித்துவந்த தளத்தைக் கொடுத்துவிட்டாள். யாரோ ஒருவர் தன் மொட்டைமாடிக்கு வரும் காகங்களைப் பற்றி எழுதுவது. ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரிதான் முடியும்: “இன்று வந்தவர் ஒருவர். அவருக்காக நாளையும் எழுந்திருப்பேன்.”

இன்று காலை பதைபதைப்போடு அதைத் திறந்தாள். காகங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“பன்னிரண்டு லட்சம் பேர் வந்திருக்கிறீர்கள். அந்த ஒருவர் வந்தாரா?”

பதில் எழுத அங்கே இடமில்லை. அவள் வந்ததற்கு வருகையாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடியது, அவ்வளவுதான்.